வெள்ளையடித்த விரிசல்

படத்தில் வீடு அழகாகத்தான் இருந்தது, அதை அமலோற்பவத்தால் மறுக்க முடியவில்லை. வக்கீல் நிலோபர் காலையில் கையில் திணித்துவிட்டுப் போன எட்டுத் தாள்கள் மடியில் கிடந்தன. எட்டு வருஷத்துக் கிறிஸ்துமஸ், எட்டுக் குடில், எட்டுத் தடவை வெள்ளையடித்த வீடு. முதல் வருஷப் படத்தில் மாட்டுக்கு இரண்டு கொம்பும் இருந்தன, மூன்றாம் வருஷம் ஒன்று, அப்புறம் மாட்டையே வைக்கோலுக்குள் பாதி ஒளித்துவைத்தாகிவிட்டது. கேழ்வரகு முளைப்பாரி ஒரு வருஷம்தான் பச்சைப்பசேலென்று வந்திருந்தது, மற்ற வருஷமெல்லாம் சோகை பிடித்த மாதிரி. எல்லாம் அவளே செல்போனில் எடுத்து, ‘பாலன் இயேசு உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக’ என்று எழுதி, கும்பிடுகிற கை இரண்டு ஒட்டி, வீட்டுக்குச் சொந்தக்காரரான ரெஜினா டீச்சருக்கு அனுப்பியவை. டீச்சர் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. பாசத்தில் வைத்திருந்தாரோ, மறதியில் கிடந்ததோ, இப்போது ஒவ்வொன்றின் மூலையிலும் நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கி, வீடு நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு ஆதாரமாகத் தாக்கல் பண்ணியிருக்கிறார். ‘மனுதாரர் தாமே அனுப்பிய புகைப்படங்கள்’ என்று மேலே டைப் அடித்திருந்தது. மனுதாரர் என்றால் அவள்தான், அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அருள்தாசும். போன மார்ச்சில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்த அருள்தாசின் வலது தோளில் சீலிங்கிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கை அது. அதற்கு நஷ்டஈடு கேட்டுத்தான் மனு, வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற அதிகாரி முன்னால் இன்றைக்குத்தான் விசாரணை, கூப்பிடுகிறவரைக்கும் வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் நிலோபர் கேட்டது இன்னும் காதிலேயே நின்றது. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசுதான், ஆனால் கேள்வி கேட்கும்போது கண்ணை எடுக்காமல் கேட்கும். “அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டிசம்பர் படத்துல சீலிங் சும்மா பளபளன்னு இருக்கு. மூணே மாசத்துல எப்படிங்க விழும்னு கேப்பாங்க. ஸ்டார் தொங்கவிடறதுக்கு சார்தான் சீலிங்ல டிரில் போட்டாரு, அதுலதான் பேர்ந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடியே விரிசல் இருந்துச்சா? ஒருத்தர் பாத்தேன்னு சொன்னாக்கூடப் போதும்.” அவள் வாயைத் திறப்பதற்குள் அருள்தாஸ் முந்திக்கொண்டார். “எங்க மேடம் இருந்துச்சு? இருந்தா எனக்குத் தெரியாதா? மத்தியானம் படுத்தா அதைத்தானே பாத்துக்கிட்டுக் கெடப்பேன்.” மனுஷன் தன் கேஸைத் தானே கவிழ்த்துவிட்டு அப்பாவியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. நிலோபர் அவள் பக்கம் திரும்பினாள். “நீங்க?” “தெரியலம்மா,” என்றாள் அமலோற்பவம். தெரியலம்மா. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. கறிக்கடையில் எலும்பு கூடவா குறையவா என்று கேட்டால்கூட அதைவிடக் கொஞ்ச நேரம் யோசிப்பாள். நிலோபர் அடுத்த கட்டடத்தில் வேறொரு கேஸ் இருப்பதாகவும், பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள்? படிக்காதவளுக்கு மறதி அதிகம் என்று நினைத்திருப்பாளா, இல்லை, வேறென்னவாவது கண்டுபிடித்துவிட்டாளா? கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, முகத்திலா எழுதி ஒட்டியிருக்கிறது? அருள்தாஸ் இடது கையால் வேட்டி மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டார். வலது கை தொடைமேல் அது பாட்டுக்குக் கிடந்தது. நெஞ்சு உயரத்துக்குமேல் அது எழும்பாது. காலையில் சட்டைப் பொத்தானை அவள்தான் மாட்டிவிட்டாள், தினமும் மாட்டிவிடுகிறாள், மாட்டும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

விரிசல் இருந்தது. ஃபேன் கொக்கியிலிருந்து புறப்பட்டு ஜன்னல் பக்கம் வரைக்கும், முதலில் தலைமயிர் மாதிரி, அப்புறம் போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு கொஞ்சம் அகலமாக, ஓரத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பு கட்டி. இல்லை, ஐப்பசிக்கு முன்னாலேயே கறை வந்துவிட்டதா? வந்திருக்கும். அவள் தினமும் பார்ப்பாள். சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கழுத்து வலித்து அண்ணாந்தால் கண்ணில் படுவது அதுதான். அவரும் பார்த்திருக்கலாம், ஆனால் படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை விடுகிற மனுஷன் எங்கே பார்ப்பது. டிசம்பர் பத்தாம் தேதி, அரைப்பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம், அவர் வேன் எடுத்துக்கொண்டு போன பிறகு, மூன்றரை மணிக்கு மேஜையை நடுவில் இழுத்துப் போட்டாள். மேஜைமேல் ஸ்டூல். தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிய பட்டி மாவைப் பழைய பாத்திர மூடியில் குழைத்து, தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். பூசுவதற்கு முன் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள், நகம் உள்ளே போனது, நகத்தோடு கம்பித் துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுக் கரண்டிக் காம்பால் தட்டினாள். டொப் டொப் என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினாள், அங்கே அந்தச் சத்தம் இல்லை. மறுபடி இங்கே, டொப். அவளுக்கு வீடு கட்டுகிற வேலை தெரியாது, ஆனால் பலாப்பழம் தட்டி வாங்கத் தெரியும், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா விட்டுவிட்டதா என்பது கைக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்துதான் பூசினாள். பூசிக் காயவிட்டு, மறுநாள் அதன்மேல் இரண்டு கோட்டிங் வெள்ளையடித்தாள். பதினெட்டாம் தேதி அன்பியத்துக்காரர்கள், தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் எல்லாம், கேரல் பாட வருகிறார்கள், தெரு ஜனம் முழுக்க அந்த ஒற்றை அறையில் நின்று பாடும், நாலு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த அன்பியத்துக்குத் தலைவி யார்? ரெஜினா டீச்சர். டீச்சர் வீட்டு சீலிங் வெடித்துக் கிடப்பதை டீச்சரையே நடுவில் நிற்கவைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டுவதா? திருநாள் கழியட்டும், ஜனவரியில் மூவரசர் திருநாள் முடிந்த கையோடு டீச்சரிடமும் சொல்லி அருள்தாசிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் வெள்ளையடித்த சீலிங் அவ்வளவு நன்றாக இருந்தது. நாலு வாரம் பார்த்துப் பார்த்து, அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

டீச்சரிடம் சொல்லாமலும் இல்லை. மழை முடிந்து நவம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்துச் சொன்னாள். “டீச்சர், மேல சீலிங் கொஞ்சம் வெடிச்சிருக்கு.” “பாப்போம் அமலோற்பவம், பொங்கல் கழியட்டும்,” என்றார் டீச்சர், வருகைப் பதிவேட்டில் கூப்பிடுகிற மாதிரி முழுப்பெயரையும் சொல்லி. அதற்கு முன்னால் சமையலறைக் குழாய்ச் சுவர் ஊறியபோது ஈஸ்டர் கழியட்டும் என்றார், அதற்கும் முன்னால் ஏதோ ஒன்றுக்கு மாதா திருவிழா கழியட்டும். அந்த வீட்டு ரிப்பேர் எட்டு வருஷமாகத் திருநாளுக்குத் திருநாள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது, வருஷத்தில் திருநாளுக்கா பஞ்சம்? தள்ளிப்போட்டவர் டீச்சர் மட்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எதிர்ப் பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார், குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. சர்க்கரைக்காரர், பதினொன்றே கால் ஆனால் இரண்டு பிஸ்கெட் சாப்பிட வேண்டும். பையைத் திறந்தார், பொட்டலத்தைப் பிரித்தார், எடுத்து வாயில் வைக்கப்போனவர் பழக்க தோஷத்தில் எழுந்துவந்து இவர்கள் பக்கம் நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் தாங்கள் எங்கே, எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது மூன்று பேருக்கும் உறைத்தது. நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் டீச்சர் நின்றார். “கை எப்படி இருக்கு தாஸ்?” “இருக்கு டீச்சர்,” என்றார் அருள்தாஸ், பிஸ்கெட்டைப் பார்க்காமல். அமலோற்பவம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பாவம், பெரியவர், எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்? எடுத்துக்கொண்டு பாதியை உடைத்து வாயில் போட்டாள், மீதியைக் கைக்குட்டையில் மடித்தாள். அருள்தாஸ் அவளை ஒரு பார்வை பார்த்தார். “உனக்கு வெக்கமே இல்லையாடி?” என்றார் மெதுவாக, கோபமில்லாமல், கிட்டத்தட்டச் சிரிப்போடு. இல்லைதான், அது இருந்திருந்தால் அன்றைக்கே வீட்டை உள்ளபடி நாலு பேர் பார்க்க விட்டிருப்பாளே. இல்லை, வெட்கப்பட்டதால்தானே பூசினாள்? இந்த இடத்துக்கு வந்தாலே அவளுக்கு எது முன்னால் எது பின்னால் என்று குழம்பிப்போகிறது.

டீச்சர் மானத்துக்காகப் பூசினேன் என்று எட்டு மாசமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அப்படித்தான் சொல்லப்போனாள், சாமியார் பக்கம் கம்பித்தடுப்பு வழியாக வாயைக் கொண்டுபோய், கடைசியில் கோபப்பட்டேன், புறணி பேசினேன் என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். டீச்சர் மானத்துக்காக என்றால் அருள்தாசிடம் சொல்வதற்கு என்ன கேடு? கட்டிலை ஜன்னல் பக்கம் போடாதீங்க என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதை ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும், தெரியும் என்பதால்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு வேறெங்கோ திரும்பிக்கொள்ளும், இன்றைக்குத் திரும்ப இடமில்லை, வராந்தாவில் என்ன இருக்கிறது, பெஞ்சும் கதவும் கதவருகே பெயர் கூப்பிடுகிற டவாலியும்தான். அவரிடம் சொன்னால் கிளம்பிவிடுவார். மணப்பாறையில் தம்பி வீட்டு மாடி காலியாகக் கிடக்கிறது, ஒரு வருஷமாக வா வா என்று கூப்பிடுகிறான், இவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், சீலிங் வெடித்திருக்கிறது என்று காதில் விழுந்தால் அன்றைக்கே சாமான் கட்டியிருப்பார். அவளுக்குப் போக மனமில்லை. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் பதின்மூன்று வருஷம் பத்துக் குடித்தனத்துக்கு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள். குளியலறைக்கு வெளியே வாளியோடு நின்று, யாராவது இருமினால் யாரென்று தெரிந்து, யாருக்கு எத்தனை நிமிஷம் என்று தெரிந்து கிடந்தவள். பாலக்கரையில் இந்த வீட்டுக்கு வந்த முதல்நாள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள், தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அருள்தாஸ் கத்துகிறவரைக்கும். அந்தக் குழாய்க்காக, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவுக்காக, அவர் தலைக்கு மேலே தொங்கியதைப் பட்டி வைத்து மூடினாள். இதுதான் விஷயம், இதில் டீச்சர் எங்கே வந்தார்? விழுந்த அன்றைக்கு, ஆட்டோவுக்கு ஆள் ஓடிய நேரத்தில், குவியலில் அவள் பூசியது மட்டும் உடையாமல் அப்பளம் மாதிரித் தனியாகக் கிடந்தது. அவர் “அம்மா” என்று முனகிக்கொண்டிருக்கும்போதே அதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கட்டின புருஷன் வலியில் துடிக்கும்போது ஒரு பொம்பளை செய்கிற வேலையா அது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் வேலையாக அதைத்தான் கூட்டி எறிந்தாள். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அருள்தாஸ் சீலிங்கில் டிரில் போட்டார், தானாகத் தேடிக்கொண்டார் என்று ஏட்டில் ஏறும். ஸ்டாரை எட்டு வருஷமும் வாசல் கம்பியில்தான் கட்டினார், உள்ளே ஒரு குண்டூசிகூட அவர் அடித்ததில்லை. திறந்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் கண்ணை விழித்ததும் “நீ அந்தப் பக்கம் படுக்காம இருந்தியே, அதுவரைக்கும் நல்லது” என்று சொன்ன மனுஷனுக்குத் தெரிந்துபோகும். அவருக்கு வயிறு எரியாதா? தினமும் பொத்தான் மாட்டிவிடுகிற இந்தக் கையை அப்புறம் தொட விடுவாரா? நஷ்டஈடு கிடைக்காமல் போனால்கூடப் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது, உடனே அவர் தொடைமேல் கிடந்த கை கண்ணில் பட்டது.

நிலோபர் படியேறி மூச்சு வாங்க வந்து நிற்பதற்கும் டவாலி பெயர் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் டைப் அடிக்கிற பெண். அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு படத்தில் நிதானித்துப் பார்த்தார், குடில் நன்றாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. முதலில் அருள்தாசைக் கேட்டார். “சீலிங்ல டிரில் போட்டீங்களா?” “இல்ல சார். ஸ்டார் வாசல்லதான் கட்டுவேன்.” “விரிசல் ஏதாவது பாத்தீங்களா?” “இல்ல சார், ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்துச்சு.” நிலோபர் கண்ணை மூடித் திறந்தாள். டீச்சரின் வக்கீல் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே லேசாகச் சிரித்தார். “நீங்கம்மா?” என்றார் அதிகாரி. அமலோற்பவத்துக்குப் பிஸ்கெட் தித்திப்பு இன்னும் தொண்டையில் இருந்தது, தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தாள், கேட்டால் தண்ணீர் வரும், குடித்த பிறகும் இதே கேள்விதான் இருக்கும். “இருந்துச்சு சார்,” என்றாள். “ஃபேன்லேருந்து ஜன்னல் வரைக்கும். உள்ள துரு உதிர்ந்துச்சு. தட்டுனா டொப்புன்னுச்சு. நான்தான் பட்டி வச்சுப் பூசி வெள்ளையடிச்சேன். அப்புறம்தான் படம் எடுத்தது.” “ஓனர்கிட்ட சொன்னீங்களா?” “நவம்பர்ல ரெண்டு ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல சொன்னேன் சார். பொங்கல் கழியட்டும்னாங்க.” டீச்சரின் வக்கீல் இப்போது எழுந்தார், எழுத்தில் எதுவும் இல்லை என்று ஆரம்பித்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குடைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டவருக்கு, தான் எழுந்து நின்று பதில் சொல்வது பழக்கமில்லை. “சொன்னாளா இல்லையான்னு... சொல்லியிருப்பா,” என்றார் கடைசியில். “சொன்னா. பொய் சொல்ற பொண்ணு இல்ல அவ.” வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்கிற பெண் இல்லை. அந்த வார்த்தைக்கு அமலோற்பவத்துக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அருள்தாஸ் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது, வண்டியை நியூட்ரலில் போட்டுக்கொண்டு சிக்னலில் காத்திருக்கும்போது விடுவாரே, அந்த மூச்சு. டைப் அடிக்கிற பெண் தலையைத் தூக்கினாள். “சார், விரிசலப் பத்திச் சொன்னது முழுசா கேக்கல.” “இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்கம்மா,” என்றார் அதிகாரி. ஒரு தடவை சொல்வதற்கே எட்டு மாசம் ஆகியிருக்கிறது. அமலோற்பவம் அதிகாரியிடமிருந்து திரும்பினாள். அருள்தாஸ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தே சொன்னாள். “விரிசல் இருந்துச்சு. விழும்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. நான் பூசி மறைச்சேன். சொன்னா வீட்டைக் காலி பண்ணிடுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லல.” விசைப்பலகை கொஞ்ச தூரம் ஓடி நின்றது. “உங்ககிட்டன்னா யாரும்மா?” என்றாள் அந்தப் பெண். “ஓனர்கிட்டயா?” அருள்தாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்கிட்டம்மா,” என்றார். “அவளுக்கு அந்த வீடு ரொம்பப் புடிக்கும். அதையும் சேத்து எழுதிக்கங்க.”